சுடுதண்ணி மிசினும் நான் பார்க்காத மெயின்சுவிச்சும்

நான் வேலை செய்த ஏசிக் கடையில் இப்போது வீடு பார்க்க ஒருவரையும் அனுப்புவதில்லையாம். வாங்குகிற ஆட்களே தங்கள் போனில் சுவரையும் குளியலறையையும் படம் பிடித்து அனுப்ப, கடையில் இருந்தபடியே செலவு சொல்லிவிடுகிறார்களாம். போன கிழமை எங்கள் வீட்டுப் பிரிஜ் கதவுக்கு ரப்பர் வாங்கப் போனபோது முதலாளியின் மகள் இதைச் சொன்னா. முதலாளிக்கு இப்போது உடம்புக்கு ஏலாது, அவதான் கடையைப் பார்க்கிறா.

"பாக்கியம் அக்கா, படத்தில எல்லாம் நல்லாத் தெரியுது. ஆனா பொருத்தப் போனா நாளுக்கு ஒரு சண்டை. சொன்னதை விடச் செலவு கூடிப்போச்சு எண்டு சனம் ஏசுது. நீங்க எப்பிடிச் செஞ்சீங்க எண்டு எழுதித் தாங்களேன், இங்க வேலை செய்ற பிள்ளையளுக்குக் குடுக்கலாம்" என்றா.

நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தனான். ஆட்களுக்கு முன்னால் கதைக்க எனக்குக் கூச்சம். எழுதுவதற்கு அவ்வளவு கூச்சமில்லை, பேப்பர் முகத்தைப் பார்க்காதுதானே. அதனால் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தனான். ஆனால் எழுத இருந்தால், சரியாகச் செய்த வீடுகள் ஒன்றும் ஞாபகத்துக்கு வருகுதில்லை. பிழைத்துப்போன ஒரு வீடுதான் வருகுது. அதிலும் பிழை ஆருடையது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிள்ளைகளுக்கு இது உதவுமோ தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் கடைக்குப் போனது கூட்டவும் தேத்தண்ணி ஊற்றவும்தான். சல்லி ஊரில் இருந்து காலைப் பஸ்சில் வருவேன். ஏசி விற்பது, பொருத்துவது, பிரிஜ் திருத்துவது, இதுதான் கடைத் தொழில். முதல் ஆறேழு வருசம் அந்தச் சாமான்களை நான் தூசி துடைக்கத்தான் தொட்டனான்.

ஒரு நாள் மூதூரில் ஒரு கலியாண வீட்டுக்கு ஏசி பூட்டப் போன ஆட்கள் பூட்டாமலே திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டில். வீட்டில் ஆம்பிளைகள் ஒருவரும் இல்லை. "பொம்புளப் புள்ளையள் மட்டும் இரிக்கிற வீடு, அறைக்குள்ள வராதீங்க" என்று வீட்டுப் பெரியம்மா கேற்றடியிலேயே சொல்லிவிட்டாவாம். ஏசி பூட்டுகிற மாஸ்டர் யோகன் வியர்வை ஒழுக ஒழுக வந்து முதலாளிக்கு முன்னால் நின்று, "ஹாஜியார், அடுத்த முறை எனக்கு ஒரு சீலை கட்டி அனுப்புங்க" என்றான்.

முதலாளி சிரிக்கவில்லை. அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கேத்திலோடு நின்றனான்.

"புள்ள, கேத்திலை வச்சிட்டு வா."

அப்படித்தான் நான் வீடு பார்க்கிறவளானேன். ஆம்பிளைகள் போக ஏலாத அறைக்குள் நான் போய் அளந்து வந்து சொல்ல, அவர்கள் வெளிப்பக்கச் சுவரில் வேலையைத் தொடங்குவார்கள். உள்ளே பூட்டுகிற நேரத்துக்கு வீட்டுப் பெண்களைப் பின்பக்கம் இருக்கச் சொல்லி, நான் நடுவில் நிற்பேன். கிண்ணியா, மூதூர், நகரத்தில் சில வீடுகள், எல்லா இடமும் இந்த முறைதான்.

அளவு நாடாவில் இருக்கிற சின்னக் கோடுகள் எனக்கு விளங்காது. விளங்காது என்று சொல்லவும் வெட்கம். அதனால் தம்பியின் வலைநூலில் மூன்று துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போனனான். நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ரெண்டு முடிச்சு, உயரத்துக்கு மூன்று முடிச்சு. திரும்பி வந்து அதை நீட்டினபோது, "அக்கா அறைக்குத் தூண்டில் போட்டுட்டு வந்திருக்கிறா" என்று யோகன் கடை முழுக்கக் கேட்கச் சொன்னான். முதலாளி நூலைக் கடை நிலத்தில் விரித்து, நாடாவை அதன் பக்கத்தில் பிடித்து அளந்தார். ஏசி சரியாக வந்து இருந்தது. அதற்குப் பிறகு என்னிடம் ஒருவரும் நாடா தரவில்லை. சண்டைக் காலத்தில் ஆமிச் சென்றியில் நிற்கிற பெடியன் அந்த நூலைத் தூக்கிப் பார்த்து இது என்ன முடிச்சு என்று கேட்டால் மட்டும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். யோகன்தான் சிங்களத்தில் என்னவோ சொல்லிச் சிரிக்க வைப்பான்.

முதலாளி ஆளைப் பற்றிச் சொல்ல வேணும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தலையில் இருக்கிற தொப்பியைக் கழற்றி, அதற்குள் என்னவோ எழுதியிருக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு போட்டுக்கொள்வார். தொப்பி தலைக்குத் திரும்பிப் போகும் வரைக்கும் கடையில் ஒருவரும் மூச்சு விட மாட்டோம். வாடிக்கையாட்கள் வந்து விலை கேட்டால், "சாமான் விலை இப்ப சொல்லுவன். பொருத்துற விலை வீட்டைப் பார்த்தாப் பொறகுதான்" என்பார். அவசரப்பட்டுக் கேட்டால், "ரோட்டில நிண்டு பொருத்துற விலை சொல்றவன் ஒண்டு கள்ளன், இல்லாட்டி மடையன். நான் எது எண்டு நினைக்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்பார்.

நான் வீடு பார்த்து வந்தால் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லுவார். நான் இருக்க மாட்டேன், நின்றுதான் சொல்வேன். கலண்டர்த் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் நடுவே கோடு போடுவார். ஒரு பக்கம் சாமான், மற்றப் பக்கம் பொருத்து. பிறகு கேள்விகள். சுவர் கல்லா, வேற என்னவுமா? வெயில் எந்தப் பக்கம் அடிக்குது? வடிகிற தண்ணி எங்க போகும்? கிணத்துத் தண்ணி உப்பா? ஏணி வைக்க இடம் இரிக்கா? கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"மெயின்சுவிச்சைப் பார்த்தியா?"

மெயின்சுவிச் பெட்டியைத் திறந்து, வயர் புதுசா பழசா, மண்ணுக்குள் போகிற எர்த் வயர் இருக்குதா, பிழை வந்தால் தானாகக் கரண்டை வெட்டுகிற ட்ரிப் சுவிச் இருக்குதா என்று பார்க்க யோகன் எனக்குக் காட்டித் தந்தவன். ஓம் என்று நான் சொன்னால்தான் முதலாளி ரெண்டு பக்கத்தையும் கூட்டிக் கீழே கோடு போடுவார். அந்தத் தாளைக் கொடுத்தால் பிறகு விலை மாறாது. நட்டம் வந்தால் கடைக்கு. அது ஊருக்கே தெரியும்.

ஏசி எனக்கு விளங்கும். குளிர் வேணும், காசு கொடுக்கினம். காத்தில் இருந்து சூடு எடுத்துத் தண்ணீரைச் சுட வைக்கிற மிசின் வந்தபோதுதான் நான் குழம்பினேன். காஸ் இல்லாமல் சனம் சிலிண்டரோடு வரிசையில் நின்ற காலம் முடிந்து, கரண்ட் பில் ஏறின காலம். கடைக்கு அந்த மிசின் ஒன்று வந்து இறங்கினது, ஆளுயரத்தில், பீப்பா மாதிரி. விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றினது.

"திருகோணமலையில காசுக்குச் சூடு விக்கிற முதல் கடை நாங்கதான்" என்றான் யோகன்.

நான் முதலாளியிடம், நெருப்பும் இல்லாமல் சூடு எப்படி வரும் என்று கேட்டனான். அவர் என்னைப் பிரிஜுக்குப் பின்னால் கூட்டிப் போய், "கை வை" என்றார். சுட்டது.

"உள்ளுக்க இருந்த சூட்டை இழுத்து வெளிய விடுது. இந்த மிசின் வெளிய இரிக்கிற காத்தில இருந்து இழுத்துத் தண்ணிக்குள்ள விடும். சூட்டை உண்டாக்கல்ல, இடம் மாத்துது. அதால கரண்ட் மூண்டில ஒரு பங்குதான் பிடிக்கும்."

"அப்ப ஏன் இவ்வளவு விலை?"

"இடம் மாத்துறதுக்குத்தான் எப்பவும் விலை புள்ள" என்றார். எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை. விளங்கின மாதிரித் தலையை ஆட்டினேன். இது எனக்கு ஒரு கெட்ட பழக்கம்.

அந்த மிசினைக் கேட்டு முதலாளிக்குக் கட்டாரில் இருந்து ஒருவர் போன் எடுத்தார். கிண்ணியா ஆள். அங்கே ஒரு ஹோட்டலில் இதே மாதிரி மிசின்களைப் பார்க்கிற வேலையாம். முதலாளி போனைச் சத்தமாக விட்டு மேசையில் வைத்தார்.

"ஹாஜியார், வாப்பா மௌத்தாகி ரெண்டு மாசம். மையத்து அடக்கத்துக்கு வர எனக்கு லீவு கிடைக்கல்ல. உம்மாக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் இழுத்துட்டு. தினம் சுடுதண்ணியில குளிக்க வாக்கணும் எண்டு டொக்டர் சொல்லிரிக்கார். என்ட மனுசி கேத்தில்ல சுட வச்சுத் தூக்குறா. இதையாவது நான் செஞ்சு குடுக்கணும். விலை என்ன?"

"தம்பி, அல்லாஹ் உங்கட வாப்பாக்கு நல்ல இடம் குடுக்கட்டும். வீட்டைப் பார்த்துட்டுச் சொல்றன்."

"என்னட்ட நாலரை லச்சம் இரிக்கி. அதுக்கு மேல இல்ல."

கரண்டில் சுடுகிற சாதாரண ஹீட்டர் மலிவு, அதைப் பூட்டுவம் என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். மாதாமாதம் அந்தப் பில் கட்ட ஏலாது என்றார் கட்டாரில் இருந்தவர். வெயிலில் சுடுகிற தாங்கியைத் தாங்க அந்த வீட்டுக் கூரையால் ஏலாது, தகரக் கூரை. அதனால் இதுதான் என்று வந்தது.

அடுத்த நாள் நானும் யோகனும் பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனோம். யோகன் ஓட்டோவில் இருந்தான். நான் உள்ளே போனனான். கதவைத் திறந்தவ அந்த மனுசனின் பெண்சாதி நஸீமா. நாற்பது வயது இருக்கும். வலது காலின் மேற்பக்கம் முழுக்கத் தோல் உரிந்து சிவந்து இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டா.

"கொதிதண்ணி வாளி நழுவிட்டு அக்கா. வழமைதான்."

பின்பக்கம் கூட்டிப் போனா. குளியலறை, கிணறு, மோட்டர், ஒரு தண்ணித் தாங்கி. தண்ணியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் உப்பு. குளியலறைச் சுவருக்கு வெளியே மிசின் நிற்க இடம் இருந்தது, கீழே சீமெந்துக் கட்டு ஒன்று போட்டால் சரி. நூலைப் பிடித்து அளந்து முடிச்சுப் போட்டேன். மிசினில் இருந்து குளிர் காத்து வரும், அது படுத்திருக்கிற ஆளின் ஜன்னலுக்கு அடிக்கக் கூடாது என்று யோகன் சொல்லியிருந்தான். ஜன்னல் மற்றப் பக்கம். எல்லாம் நல்லாயிருந்தது.

நான் அளந்துகொண்டு நிற்கவே கட்டாரில் இருந்து போன் வந்தது. அவ குசினிக்குள் நின்று கதைத்தாலும் புருசனின் குரல் எனக்குக் கேட்டது.

"அளக்க வந்திட்டாங்களா? நஸீமா, சொன்னதை விட ஒரு சதம் கூடினாலும் வேணாம் எண்டு சொல்லு. அடுத்த வருசம் பார்ப்பம்."

"ம்" என்றா அவ.

அவ வெளியே வந்ததும் நான் கேட்டேன், "மெயின்சுவிச் எங்க தங்கச்சி?"

"அது மாமிட அறைக்குள்ள." அவ கொஞ்சம் நின்று சொன்னா: "மாமி இத்தாவில இரிக்கா."

இத்தா என்றால், கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் வீட்டோடு இருப்பது. அது எனக்குத் தெரியும். அறை வாசலில் ஒரு தடித்த பச்சைத் திரை தொங்கினது. உள்ளே ஒரு கிழவியின் குரல் என்னவோ கேட்டது. மோட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குச் சொல் பிடிபடவில்லை. நஸீமா திரையை ஒரு கையளவு விலக்கி, தலையை உள்ளே விட்டு என்னவோ சொல்லிவிட்டு வந்தா. பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

நான், "பரவாயில்ல, பரவாயில்ல. வேணாம்" என்றேன்.

லைட் எரிகுது, மோட்டர் ஓடுகுது, பிரிஜ் வேலை செய்யுது. மெயின்சுவிச்சும் நல்லாத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனோ, நினைக்க வேணும் என்று விரும்பினேனோ தெரியாது.

கடைக்கு வந்ததும் முதலாளி தாளைக் கிழித்துக் கோடு போட்டார். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் பதில் சொன்னேன். அவர் எழுதினார். சீமெந்துக் கட்டு, சூடு போகாமல் பஞ்சு சுற்றின பைப், மிசினுக்கு என்று தனி வயர், தனி ட்ரிப் சுவிச், தண்ணி அமுக்கத்தைக் குறைக்கிற வால்வு, தண்ணிக் குழாய் வேலைக்காரனின் நாட்கூலி, லொறி. சாமான் பக்கத்தில் ஒரு வரிதான். பொருத்துப் பக்கத்தில் தாளின் அடி வரைக்கும் வந்தது.

"மெயின்சுவிச்சைப் பார்த்தியா?"

அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார், யோகன் பக்கத்தில் நிற்கிறான், சிரிப்பான். இவ்வளவு காலமும் பார்க்காமல் வந்ததில்லை.

"ஓம்" என்றேன்.

அவர் கூட்டிக் கோடு போட்டார். நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. கட்டாருக்குப் போன் எடுத்து வாசித்தார். அங்கே அந்த மனுசன் அழுகிற மாதிரிக் கேட்டது.

பத்து நாளில் மிசினைக் கொண்டுபோய் இறக்கினோம். கட்டுக்கு மேல் ஏற்றி நிமிர்த்தி, பைப் எல்லாம் பூட்டியாகிவிட்டது. கரண்ட் கொடுக்கிறதுதான் மிச்சம். நஸீமா கிழவியை முன் அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்தினா. யோகன் பச்சைத் திரையைத் தாண்டிப் போனான். நான் கிணற்றடியில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே வந்தான். கையில் கறுத்துப்போன ஒரு வெள்ளைப் பீங்கான் பியூஸ்.

"அக்கா, நீங்க இதைப் பார்த்துட்டா ஓம் எண்டு சொன்னீங்க?"

அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் நான் கண்டது அன்றைக்குத்தான்.

"பலகையில அடிச்ச பழைய பெட்டி. வயர் நூல் மாதிரி. எர்த் வயரை எலி கடிச்சோ ஆரும் வெட்டியோ பாதியில தொங்குது. ட்ரிப் சுவிச் எண்ட சாமானே இல்ல. இதில மிசினைக் குடுத்தா, குளிக்கிற கிழவிக்குக் கரண்ட் அடிக்கும், இல்லாட்டி வீடு எரியும். மீட்டரில இருந்து எல்லாம் புதுசா இழுக்க வேணும்."

"எவ்வளவு வரும்?"

"தொண்ணூறுக்குக் குறையாது."

தொண்ணூறாயிரம் என்றால் என்னுடைய மூன்று மாதச் சம்பளம். குசினிக் கதவுக்குப் பின்னால் நஸீமா நின்றா. அவவின் சீலைக் கரை மட்டும் தெரிந்தது.

"அவர்ட்டச் சொல்ல வேணாம்" என்றா. "சொன்னா, கழட்டிக் குடுத்திடு எண்டுதான் சொல்லுவார். கழட்டுறதெண்டாக் கழட்டிக்கொண்டு போங்க. நான் வாளி தூக்குறன். இவ்வளவு நாளும் தூக்கினவதானே."

பிறகு, குரலைத் தாழ்த்தி, "ஆனா ஹாஜியார் தாள் எழுதித் தந்தவர்" என்றா.

கடையில் முதலாளி நான் சொன்னதைக் கேட்டார். தொப்பியைக் கழற்றினார். பார்த்தார். கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் பார்க்கல்ல?"

"அந்த அம்மா இத்தாவில இருக்கிறா எண்டு சொன்னவ. அதால உள்ளுக்குப் போகேல்ல."

அவர் என்னை விளங்காத மாதிரிப் பார்த்தார்.

"பாக்கியம், இத்தாவில இரிக்கிற பொம்புளைய அந்நிய ஆம்புளதான் பார்க்கக் கூடாது. நீ போகலாம், வரலாம், பக்கத்தில இருந்து வெத்திலை போடலாம். பொறகு என்னத்துக்கு நான் உன்னை அனுப்புறன்?"

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது. இருபது வருசத்துக்கு மேல் அந்த வீடுகளுக்குள் போய் வந்திருக்கிறேன். ஆம்பிளை போகாத இடமெல்லாம் போனவள். இது எனக்குத் தெரியாது. கேட்க வெட்கப்பட்டு ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும் என்று அவர்கள் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"போக வேணாம் எண்டு அந்தப் புள்ள சொன்னாவா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அப்படி அவ சொல்லவில்லை. மாமி இத்தாவில் இருக்கிறா என்றுதான் சொன்னா. வேணாம் என்று சொன்னது நான்.

"இல்ல முதலாளி."

"அப்ப அவட பேரில பிழை சொல்ல ஏலாது." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "தாள் எழுதினா எழுதினதுதான். வயரை இழுத்துக் குடுப்பம். பாதி கடைக்கு. பாதி உனக்கு. பார்க்காம விட்டதுக்கு இல்ல, புள்ள. ஓம் எண்டு சொன்னதுக்கு."

மாதம் ஐயாயிரம் என்று ஒன்பது மாதம் சம்பளத்தில் வெட்டினார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. நியாயம் என்றுதான் பட்டது. ஆனால் கடற்கரைப் பஸ்சில் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும் அந்தத் திரைக்கு முன்னால் நின்றது ஞாபகத்துக்கு வரும். நான் பெண்தானே, உள்ளே போகலாம் என்று நஸீமாவுக்குத் தெரியும். நான் நின்றபோது, வாங்க அக்கா என்று அவ ஏன் சொல்லவில்லை? அந்தப் பெட்டி எப்படி இருக்கிறது என்று தினமும் அந்த அறைக்குள் போய் வருகிறவவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு சதம் கூடினாலும் வேணாம் என்ற போனை அவவும் கேட்டவதானே. தெரிந்துதான் நின்றாவா? ஒரு நாள் ஓம் என்று நினைப்பேன். மற்ற நாள், பாவம், கால் வெந்துபோய் நிற்கிறவவைப் பற்றி இப்படி நினைக்கிறேனே என்று என்னையே ஏசுவேன்.

ஒரு வருசம் கழித்து மிசினைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. உப்புத் தண்ணி தாங்கியைத் தின்னாமல் இருக்க உள்ளே ஒரு கம்பி போட்டிருக்கும், அது கரைந்தால் மாற்ற வேணும். யோகன் பின்பக்கம் வேலை செய்தான். இத்தா எப்போதோ முடிந்துவிட்டது. கிழவி முன் அறையில் கதிரையில் இருந்தா. ஒரு கை மடியில் சோர்ந்து கிடந்தது. முகம் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரிப் பளபளப்பு.

"ஆரு புள்ள நீ? கயிறு போட்டு அளந்தவளா?"

"ஓம் அம்மா."

"அண்டைக்கு நீ ஏன் உள்ள வரல்ல? வந்து இரிக்கச் சொல்லு எண்டு இவட்டச் சொன்னனே. அவக்கு வெக்கமாம் மாமி, வர மாட்டாவாம் எண்டு இவ சொன்னா."

நஸீமா கையில் துவாயோடு கதவடியில் நின்றா. நான் அவவைப் பார்த்தேன். அவ கிழவியைப் பார்த்தா. பாரிசவாதம் வந்த பிறகு மாமிக்கு நேற்றும் இன்றும் மாறிப்போகும் என்று முதல் நாளே அவ என்னிடம் சொல்லியிருந்தா. கிழவி சொன்னது அன்றைக்கு நடந்ததோ, வேறு என்றைக்கோ நடந்ததோ? நடந்தது என்றாலும் அது பொய் என்று சொல்லலாமா? எனக்கு வெட்கம்தானே. அதை அவ கண்டிருப்பா.

"வாங்க மாமி, தண்ணி ரெடி" என்று நஸீமா கிழவியைத் தாங்கிக் கூட்டிப் போனா. உள்ளே தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. "இன்னும் கொஞ்சம் சூடா விடு மகள், இன்னும் கொஞ்சம்" என்று கிழவி சின்னப் பிள்ளை மாதிரிக் கெஞ்சினது கேட்டது.

வேலை முடிந்து யோகன் ஓட்டோவுக்குப் போனான். நான் வாசலில் செருப்பைப் போடும்போது நஸீமா ஈரக் கையோடு ஓடி வந்தா. ஒரு கடித உறையை என் கைக்குள் வைத்தா. தடிப்பாக இருந்தது.

"யோகன் மாஸ்டர் வயர் இழுக்க வந்த நேரம் சொன்னார். உங்கட சம்பளத்தில வெட்டுறாங்களாம் எண்டு. தையல் காசு அக்கா. அவருக்குத் தெரியாது."

நான் உறையைத் திறக்கவில்லை. எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்த ஒன்பது மாதமும் வீட்டில் மீன் வாங்காத நாட்கள் கண் முன்னால் வந்தன. அதை வாங்கலாம். வாங்கினால், தெரிந்துதான் மறைத்தேன் என்று அவ சொன்னதாகப் போகும். வாங்காவிட்டால், பிழை முழுக்க என்னுடையது என்று நான் சொன்னதாகப் போகும். அப்படித்தான் எனக்கு அந்த நேரம் பட்டது. இப்போது யோசித்தால் ரெண்டும் அப்படி இல்லையோ என்றும் இருக்குது. நான் உறையோடு நின்றேன். யோகன் ஓட்டோவில் இருந்து கோர்ன் அடித்தான்.

நஸீமா மெதுவாகக் கேட்டா, "அக்கா, அண்டைக்கு நீங்களாத்தானே வேணாம் எண்டு சொன்னீங்க?"

அவவின் காலைப் பார்த்தேன். சிவப்புப் போய்த் தோல் ஊதா நிறத்தில் ஆறியிருந்தது.

"ஓம் தங்கச்சி" என்றேன். "நானாத்தான் சொன்னனான்."

உறையை அவவின் கைக்குள் திருப்பி வைத்தேன். அவ ஒரு தரமாவது மறுப்பா என்று நினைத்தேன். மறுக்கவில்லை. சட்டென்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்றா. உள்ளே கிழவி கூப்பிட்டது. அவ ஓடிவிட்டா.

அன்றைக்கு அவ என்னிடம் மன்னிப்புக் கேட்டாவா, சாட்சி கேட்டாவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எதைக் கேட்டிருந்தாலும் நான் கொடுத்துவிட்டேன்.